மனச்சோர்வுக்கு மஞ்சளா, கப்சூலா, கிளினிக்கா?

"அப்பா செத்து எட்டு மாசம். அம்மா ஒண்டிலயும் மனம் வைக்கிறா இல்லை. லண்டனில இருக்கிற மாமி மஞ்சள் கப்சூல் அனுப்பியிருக்கிறா. குடுக்கலாமோ?" புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு மகள் கேட்டது இது. துணுக்காயிலிருந்து ஒரு தம்பி கேட்டது வேறு மாதிரி: "ஆசுப்பத்திரிக் குளிசை தொடங்கினா பிறகு விடேலாது எண்டு சொல்லுகினம். அதுக்குப் பதிலா மஞ்சள் பால் குடிச்சா என்ன?"

இந்த மாதிரிக் கேள்விகள் இப்போது அடிக்கடி வருகின்றன. காரணம் வட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்கள். "மஞ்சளில் இருக்கும் குர்குமின் மனச்சோர்வு மருந்துக்குச் சமம்" என்று ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்கிறார். அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் இதை ஒரு வரியில் தள்ளிவிடாமல் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எதை வைத்து அளப்பது

எங்கள் ஆட்கள் மனச்சோர்வு என்று சொல்லி வருவது குறைவு. நெஞ்சுக்குள் பாரம், தலையிடி, உடம்பு உளைவு, நித்திரை இல்லை, யோசினை கூடிப்போச்சு என்றுதான் சொல்வார்கள். ஆகவே முதல் அளவுகோல், எத்தனை நாளாக, எவ்வளவு ஆழமாக என்பது. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் விழுந்து, பிடித்த வேலையிலும் பிடிப்பில்லாமல் 2 கிழமைக்கு மேல் போனால் வைத்தியர்கள் அதை நோயாக எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குக் குறைந்தது வேறு கணக்கு. மே மாதம் வந்தால், போரின் கடைசி நாட்களை நினைத்து முல்லைத்தீவில் பாதிச் சனத்துக்கு மனம் விழும். அதை நோயென்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது ஆதாரம். "ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கு" என்றால் எந்த அளவு, எத்தனை பேரில், எதோடு ஒப்பிட்டு என்று கேட்க வேண்டும். மூன்றாவது செலவு. காசு மட்டும் இல்லை, பஸ், ஒரு நாள் கூலி, வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் எல்லாம் சேர்த்து. நான்காவது, ஏற்கெனவே பிரஷருக்கும் சீனிக்கும் குடிக்கிற மருந்தோடு இது மோதுமா என்பது. ஐந்தாவதை அநேகமாக ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை: இதைச் செய்துபார்க்கும் 2 மாதத்தில் வருத்தம் எவ்வளவு தூரம் போய்விடும்?

அடுப்படி மஞ்சள்

மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 வீதம். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம் வரும். ஆராய்ச்சிகளில் கொடுத்ததோ நாளுக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம், பிரித்தெடுத்த குர்குமினாக. அந்த 1,000ஐ அடுப்படித் தூளிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் நாளுக்கு 11 தேக்கரண்டி விழுங்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கிலோ.

இனி எங்கள் சொதியைப் பாருங்கள். இரண்டாம் பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கொதிக்கும்போது கால் கரண்டி மஞ்சள் போடுவோம், கடைசியில் முதற்பால் விட்டு இறக்கித் தேசிக்காய் பிழிவோம். 5 பேர் சாப்பிட்டால் தலைக்கு 5 மில்லிகிராம் குர்குமின்கூட வராது. மஞ்சள் பாலில் அரைக்கரண்டி போட்டால் 45. வீடியோவில் சொல்லும் "மஞ்சள்" வேறு, எங்கள் கோப்பைக்குள் இருக்கும் மஞ்சள் வேறு.

உள்ளே போனதும் முழுக்கச் சேராது. குர்குமின் குடலில் மிக மோசமாகத்தான் உறிஞ்சப்படும். 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வொன்றில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் உறைப்புச் சத்தான பிப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு கூடியது. 20 மில்லிகிராம் பிப்பரின் ஒரு நல்ல கிள்ளு மிளகுத்தூளிலேயே கிடைத்துவிடும். கொழுப்போடு சேர்ந்தாலும் உறிஞ்சல் கூடும். தேங்காய்ப்பாலும் மிளகும் மஞ்சளும் சேரும் எங்கள் சமையல் இந்த ஒரு விசயத்தில் கெட்டிக்காரத்தனமானது. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக்கறியும் அப்படித்தான்.

சரி, அந்தப் பெரிய அளவாவது வேலை செய்ததா? 2014இல் குஜராத்தின் பாவ்நகரில் 60 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஃப்ளூஒக்செற்றின் என்ற மனச்சோர்வுக் குளிசை, ஒன்றுக்கு குர்குமின் 1,000 மில்லிகிராம், மூன்றாவதற்கு இரண்டும் 6 கிழமை கொடுத்தார்கள். மூன்று பிரிவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒரே மாதிரி. வீடியோக்காரர் சொல்லும் "மருந்துக்குச் சமம்" இங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெறும் மாவுக் குளிசை கொடுத்த பிரிவு அதில் இல்லை. மனச்சோர்வு ஆய்வுகளில் வெறும் குளிசை எடுத்தவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் தேறுவது வழக்கம். அப்படியிருக்க, இருபது இருபது பேரை வைத்துச் "சமம்" என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு அவுஸ்திரேலியாவில் 56 பேரில் வெறும் குளிசையோடு ஒப்பிட்டுச் செய்தார்கள். முதல் 4 கிழமையில் வித்தியாசமே இல்லை. பிறகு 8ஆம் கிழமை வரையில் குர்குமின் எடுத்தவர்கள் சில அளவீடுகளில் கொஞ்சம் முன்னே நின்றார்கள். நம்பிக்கை தரும் சிறிய ஆய்வுகள் என்பதற்கு மேல் இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறைவான செலவு மஞ்சளின் தரத்தில் இருக்கிறது. 2020இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறியதும், மன்னார்க் கரையில் மூட்டை மூட்டையாய்க் கடத்தல் மஞ்சள் பிடிபட்டதும், கடைத்தூளில் அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்ததும் எங்களுக்கு மறக்காது. மாவு கலந்தால் காசுதான் நட்டம். ஈயக் குரோமேற்று என்ற நிறமூட்டி கலந்தால் உடம்புக்கு நட்டம். வங்காளதேசத்தில் மஞ்சளில் அதைக் கண்டுபிடித்தார்கள், ஈயம் மூளையைத்தான் தாக்கும். கறிக்குக் கால் கரண்டி போடுகிறவர் தப்பலாம், மனத்துக்கு மருந்தென்று நாளும் பொழுதும் கரண்டி கரண்டியாய்க் குடிக்கிறவர் தரம் பார்க்காமல் குடிக்கக் கூடாது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள் நிறம் இருந்தால் விடுங்கள். வேலியோரம் நட்டுக் கிண்டி, அவித்துக் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்தது கிடைத்தால் அதுதான் திறம்.

இவ்வளவு சொல்லியும் மஞ்சள் பாலை நான் விடச் சொல்லவில்லை. பின்னேரம் ஒருத்தர் பால் காய்ச்சி, மிளகு தட்டிப் போட்டு, "அம்மா, இந்தாங்கோ" என்று கொடுத்து, குடிக்கும் வரைக்கும் பக்கத்தில் இருந்தால், அந்த அரை மணித்தியாலம் தன் வேலையைச் செய்யும். 2 கிழமைக்குள்ளான சோர்வு, வேலைக்குப் போய் வருகிறவர், சாப்பாடும் நித்திரையும் ஓரளவு இருக்கிறவர் என்றால் இதுவே போதும். பித்தப்பையில் கல் இருக்கிறவர்களும், சிறுநீரகக் கல் வந்தவர்களும் கறி அளவோடு நிற்க வேண்டும். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஒக்சலேற்று மஞ்சளில் அதிகம்.

மஞ்சள் கப்சூல்

லண்டன் மாமிக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்: இருக்கிற வழிகளில் எனக்கு ஆகப் பிடிக்காதது இதுதான்.

ஆராய்ச்சி அளவு கிடைப்பது கப்சூலில்தான், அது உண்மை. ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். நல்லாய் உறிஞ்ச வேண்டுமென்று கம்பனிகள் பிப்பரின் சேர்க்கின்றன. 2019இல் இத்தாலியில் மஞ்சள் கப்சூல் எடுத்த இருபதுக்கு மேற்பட்டோருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, அரசு எச்சரிக்கை விட்டது. அமெரிக்காவில் கல்லீரல் பாதிப்புகளைப் பதிவுசெய்யும் வைத்தியர் வலையமைப்பு, மஞ்சளால் வந்ததாகக் கண்ட 10 பேரைப் பற்றி 2022இல் அறிக்கையிட்டது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். கப்சூல் எடுக்கும் இலட்சக்கணக்கானோரில் இது அரிது. ஆனால் கறி மஞ்சளில் இப்படி நடப்பதில்லை.

பிப்பரினுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கல்லீரல் மற்ற மருந்துகளை உடைத்து வெளியேற்றுவதை அது மந்தமாக்கும். வலிப்புக்குக் குடிக்கும் பெனிற்றொயின், காபமசபின், பிரஷருக்கான புரோப்பிரனலோல் இவற்றின் அளவு இரத்தத்தில் கூடிவிடலாம். இருதய வால்வு மாற்றி வார்பரின் குடிக்கிறவர்களுக்கு இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறவர்களுக்கும் அதே கதை.

வவுனியாவிலும் வெலிஓயாப் பக்கத்திலும் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் இருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீடுகளில் கப்சூலைத் திறக்கவே வேண்டாம்.

பிறகு காசு. மாமி இரண்டு போத்தல் அனுப்புவார், முடிந்ததும் யார் வாங்குவது? கொழும்பு ஒன்லைன் கடையில் வாங்கினால் வெளிநாட்டு விலை, கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கட்டாது. வேறு மருந்து ஒன்றும் இல்லாத, கல்லீரலும் சிறுநீரகமும் சரியென்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்த, கிளினிக் வைத்தியருக்கும் சொல்லிவிட்ட ஒருவர் 8 கிழமை எடுத்துப் பார்க்கலாம். அப்படி ஓர் ஆள் வன்னியில் எத்தனை பேர்? கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கடும் நிறமாகப் போனாலோ அன்றைக்கே நிற்பாட்டி ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும்.

குங்குமப்பூ

மனச்சோர்வுக்கு மஞ்சளைவிட ஆய்வு ஆதாரம் கூடிய சரக்கு இது. 2004 தொடக்கம் தெஹ்ரானில் நாளுக்கு 30 மில்லிகிராம் சாறைக் கொடுத்துப் பழைய மருந்தான இமிப்ரமினோடும் ஃப்ளூஒக்செற்றினோடும் ஒப்பிட்டார்கள். கிட்டத்தட்ட அதே அளவு பலன். ஆய்வுகள் சின்னன், அநேகம் ஈரானிலேயே செய்தவை, உலகக் குங்குமப்பூவின் பெரும்பகுதியும் ஈரானில்தான் விளைகிறது. அதையும் மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

விலை கேட்டுப் பயப்படுகிறோம். ஆனால் 30 மில்லிகிராம் படி மாதத்துக்கு ஒரு கிராமும் வராது. பிரச்சினை கலப்படம்தான். ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூ ஆய வேண்டிய சரக்கு, சந்தையில் மலிவாய்க் கிடைத்தால் அது சாயம் தோய்த்த சோளத் தும்பாகவோ குசும்பாப் பூவாகவோ இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்லது மெல்ல மெல்லப் பொன்னிறம் விடும், இழை சிவப்பாகவே நிற்கும். போட்ட உடனே தண்ணீர் சிவந்து இழை வெளிறினால் சாயம். கர்ப்பிணிகள் மருந்தளவில் எடுக்கக் கூடாது. (பிள்ளை வெள்ளையாய்ப் பிறக்கும் என்பது வெறும் கதை.) மனச்சோர்வுக் குளிசை குடிக்கிறவர் வைத்தியரிடம் கேளாமல் இதைச் சேர்க்கவும் கூடாது.

சாதிக்காயையும் சிலர் கேட்கிறார்கள். நித்திரைக்குப் பாலில் ஒரு கிள்ளு போடுவது பழைய வழக்கம், அதோடு நிற்கட்டும். ஒரு முழுக் காயை உரசிக் குடித்தால் நெஞ்சு படபடத்து, இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

பரியாரியும் சித்த வைத்தியசாலையும்

பரியாரி நாடி பிடித்து, வீட்டு நிலவரம் கேட்டு, சாப்பாடு நித்திரை கேட்டு ஒரு மணித்தியாலம் கதைப்பார். ஆங்கில வைத்தியத்தின் வெளிநோயாளர் பிரிவில் 3 நிமிடமும் கிடைக்காது. வயதானவர்கள் "விசர் கிளினிக்குக்கு வரமாட்டன்" என்று அடம்பிடிக்கும்போது பரியாரியிடம் போகச் சம்மதிப்பார்கள், அந்த முதல் அடி பெரிய விசயம். அரச சித்த, ஆயுள்வேத மருந்தகங்களில் மருந்துக்குக் காசும் இல்லை.

அமுக்கரா போன்றவை மனப்பதற்றத்துக்கும் நித்திரைக்கும் ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் உண்டு. அமுக்கராவும் தைரொயிட்டைத் தொடும், அரிதாகக் கல்லீரலையும் தொடும். பற்பம், செந்தூரம் போன்ற உலோகச் சரக்குகளைச் சிறுநீரக வருத்தம் உள்ளவர் தொடாமல் இருப்பது நல்லது. பதிவுபெற்ற வைத்தியரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல பரியாரி தன்னால் ஏலாததை ஏலாது என்று சொல்லி ஆசுப்பத்திரிக்கு அனுப்புவார். "குளிசை எல்லாத்தையும் எறி, நான் மாத்திறன்" என்று சொல்கிறவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம்.

ஆசுப்பத்திரி மனநல கிளினிக்

முல்லைத்தீவுக்காரருக்கு மாஞ்சோலை, மற்றவர்களுக்குக் கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்ட ஆசுப்பத்திரிகள். சில பிரதேச ஆசுப்பத்திரிகளுக்கும் குறித்த நாளில் மனநலக் குழு வந்துபோகும், அந்த நாளைக் கேட்டு வைத்தால் நெடும்பயணம் மிச்சம்.

ஆதாரம் என்று பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்குக் கிட்ட வராது. ஃப்ளூஒக்செற்றின், சேர்ட்ரலின் போன்றவை ஆயிரக்கணக்கானோரில் வெறும் குளிசையோடு ஒப்பிடப்பட்டவை. அதிலும் சோர்வு எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குப் பலன் தெளிவாகத் தெரியும். இலேசான சோர்வில் வெறும் குளிசைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இராது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலேசான சோர்வோடு போகிறவருக்கு நல்ல வைத்தியர் குளிசை எழுதாமல் கதைக்க ஆள் ஒழுங்கு செய்துவிடுவார்.

கிளினிக் போவதால் இன்னொரு இலாபம்: இரத்தம் பார்ப்பார்கள். தைரொயிட் குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், சீனி ஏறினாலும் மனமும் உடம்பும் இதே மாதிரித்தான் விழும். அப்படிப்பட்டவருக்கு மஞ்சளும் சரிவராது, மனச்சோர்வுக் குளிசையும் சரிவராது. இரத்தசோகைக்காரர் மஞ்சளை அளவுக்கு மிஞ்சி எடுத்தால் இரும்புச்சத்து உறிஞ்சுவதையும் அது தடுக்கும்.

செலவு எங்கே? குளிசை இலவசம், நாள் இலவசமில்லை. விடியப் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, கொப்பியோடு வரிசையில் இருந்து, மத்தியானம் தாண்டி வீடு திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விட்டது. மருந்து இல்லையென்றால் வெளியில் வாங்கத் துண்டு தருவார்கள். பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அது பலருக்கும் நடந்தது. முதல் 2 கிழமை வயிற்றைப் பிரட்டும், தலையிடிக்கும், சிலருக்குப் புருசன் பெண்சாதி விசயத்தில் நாட்டம் குறையும், அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொன்னால் மருந்து மாற்றலாம். பலன் தெரிய 2 முதல் 4 கிழமை, முழுதாய்த் தெரிய 6 முதல் 8 கிழமை. இளம் ஆட்களை முதல் கிழமைகளில் வீட்டார் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஊர் வாய். கிளினிக் வாசலில் அயலவர் கண்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் 2 வருடம் பிந்தியவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது: பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அஸ்வெசும, காணி, அடையாள அட்டை என்று ஆயிரம் அலுவலுக்குச் சனம் போகிற இடம், யார் எதற்கு வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை பெற்ற தாய்மார் என்றால் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமே சொல்லலாம்.

| | ஆதாரம் | காசு | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| அடுப்படி மஞ்சள் | அந்த அளவுக்கு இல்லை | மிகக் குறைவு | கலப்படம், காலம் கடத்தல் | 2 கிழமைக்குள்ளான இலேசான சோர்வு |
| மஞ்சள் கப்சூல் | சிறிய ஆய்வுகள் | அதிகம் | கல்லீரல், மருந்து மோதல் | மிகச் சிலருக்கு |
| குங்குமப்பூ | மஞ்சளைவிடக் கூட, ஆனாலும் சிறிய ஆய்வுகள் | நடுத்தரம் | போலிச் சரக்கு | நல்ல சரக்குக் கிடைத்து, வேறு மருந்து இல்லாதவர் |
| சித்த வைத்தியம் | மருந்துக்கு மருந்து வேறுபடும் | இலவசம் அல்லது குறைவு | உலோகச் சரக்கு, குளிசையை நிறுத்தச் சொல்லல் | முதல் அடி வைக்கத் தயங்குகிறவர் |
| கிளினிக் | பலமானது | குளிசை இலவசம் | கூலி நாள், பக்கவிளைவு, ஊர் வாய் | 2 கிழமைக்கு மேல், அல்லது கடுமையானது |

கேட்டவர்களுக்கு

துணுக்காய்த் தம்பிக்கு: இந்தக் குளிசைகள் போதை மருந்துபோல இழுத்துப் பிடிப்பவை அல்ல. சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும், அதைத்தான் "விடேலாது" என்கிறார்கள். தேறிய பிறகு குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, வைத்தியர் சொல்லும் படி அளவைக் குறைத்து விடலாம். கிளினிக் நாள் வரும் வரைக்கும் மஞ்சள் பால் குடியுங்கள், குளிசை தொடங்கிய பிறகும் குடியுங்கள். ஒன்றுக்குப் பதிலாக மற்றதென்று வைக்க வேண்டாம். உங்கள் சோர்வுக்குப் பின்னால் கடன்காரன் நிற்கிறான் என்றால் மஞ்சளாலும் குளிசையாலும் அந்தக் கடன் அடையாது, அதை உளவளத்துணை உத்தியோகத்தரிடம் சொல்லி வழி கேட்க வேண்டும்.

புதுக்குடியிருப்பு மகளுக்கு: செத்த வீட்டுத் துக்கம் எட்டு மாதம் இருப்பது புதினமில்லை. ஆனால் எட்டு மாதத்தில் கொஞ்சமாவது அசைந்திருக்க வேண்டும். அம்மா குளிக்கிறாவா, சாப்பிடுகிறாவா, அயலில் ஒரு நன்மை தீமைக்குப் போகிறாவா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் கப்சூலை மூடி வைத்துவிட்டு மாஞ்சோலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "நான் இருந்தென்ன" என்ற மாதிரி வாயில் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. அதுவரை அவவைத் தனிய விடாமல், வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தையும் குளிசைகளையும் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு இரவிலும் எடுத்துக் கதைக்கலாம்.

போகும்போது பிரஷர் கொப்பியையும் மாமி அனுப்பிய போத்தலையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள். இதுவரை எத்தனை கப்சூல் குடித்தா என்று வைத்தியர் கேட்பார்.